மழையைப் பாவு என்று நினைத்தேன்

அன்புள்ள கமலாட்சிக்கு,

அம்மன் துணையால் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா? புனேயில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

சாலையோரக் கேமராக் காட்சியை வைத்து மழை, பனி என்று இயந்திரமே சொல்லிவிடும். அது சொல்வது சரிதானா என்று பார்ப்பதுதான் என் வேலை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஒரு சாலையில் மழை என்றது. திரையிலோ மேலிருந்து கீழ்வரை வெள்ளை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. நம் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றியது. இழை ஒதுக்கிக்கொண்டு நீ நடந்து வருவாய் என்றுகூடச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு "மழை இல்லை" என்று அழுத்திவிட்டேன்.

உடனே அங்கே 'மெதுவாகச் செல்லவும்' என்ற மின்பலகை அணைந்துவிட்டது. ஒரு பால் வண்டி வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை, கவலைப்படாதே.

என் மேற்பார்வையாளர் சுகாசினி நம் ஊர்ப் பக்கத்துத் தாமல் பெண்தான். "இன்னா சார், வண்டிங்க எல்லாம் வைப்பர் போட்டுக்கினு போவுது, நீங்க மழை இல்லன்றீங்க! இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க சார்" என்றாள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

அதனால் ஓர் உதவி. அடுத்து பாவு நீட்டும்போது நம் பையன் சிவபாலனை மாடியிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். மழைக்கும் பாவுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். நீயும் பக்கத்தில் நில். அளவு தெரிய வேண்டும் அல்லவா?

ஷிஃப்டுக்கு நேரமாயிற்று.

உன்,
கலியாணசுந்தரம்