சந்தையில் பேசாத அம்மா

மார்ச் 11

இன்றோடு அம்மாவின் விசா முடிந்தது. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. விடிய எழும்பிப் புட்டு அவித்தார். என் பள்ளிக்கூடச் சட்டையைச் சூட்டுப்பெட்டியால் மினுக்கித் தந்தார்.

நீடிப்புக்குப் போன மாதமே விண்ணப்பித்துவிட்டோம். கடவுச்சீட்டு கொழும்புக் குடிவரவுக் கந்தோரில் இருக்கிறது. பதில் வரும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுக்கலாம். ஆனால் அதுவரை அம்மா இங்கே யார்?

அப்பாவும் நானும் இலங்கையர். அம்மா இராமநாதபுரத்துக்காரர், அப்பா அங்கே அகதி முகாமில் இருந்தபோது கட்டியவர். இராணுவம் காங்கேசன்துறையில் எங்கள் காணியை விடுவித்ததும் மூவரும் வந்தோம். அம்மா மட்டும் விருந்தாளி. சொந்த அடுப்படியில் விருந்தாளி!

மார்ச் 14

அப்பா அம்மாவுக்குச் சட்டம் போட்டுவிட்டார்.

"இஞ்சேர், விசா கையிலை வாற வரைக்கும் வெளியிலை வாய் திறக்காதையும். நீர் 'ஏங்க' எண்டாலே இந்தியாக்காரி எண்டு ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"அப்ப மீன்காரர்ட்ட எப்படிங்க கேக்குறது?"

"கையாலை காட்டும்."

மார்ச் 22

சந்தைக்கு அம்மாவும் நானும் போனோம். அம்மாவின் குரலைக் கேட்டிராத மீன்காரர் யாகப்பு ஐயாவிடம் நின்றோம். அம்மா ஒட்டி மீனைக் காட்டி மூன்று விரலை நீட்டினார், ஆளுக்கு ஒன்று. யாகப்பு ஐயா பக்கத்துக் கடைக்காரரிடம், "பாவமடாப்பா, உந்த மனிசிக்குப் பேச்சு வராது போலை" என்றார். பிறகு ஒரு கை நிறைய றால் அள்ளிப் பையில் சும்மா போட்டார்.

வரும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிப்புத்தானா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பா றாலைப் பார்த்து, "நல்லதாப் போச்சு, இனிச் சந்தையிலை நானும் கதைக்கமாட்டன்" என்றார்.

ஏப்ரல் 2

கொழும்பிலிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9

மாமா இராமநாதபுரத்திலிருந்து அழைத்தார். தாத்தா கிணற்றடியில் விழுந்துவிட்டார். இனி எழும்ப மாட்டாராம். முனீஸ்வரி எங்கே, முனீஸ்வரி எங்கே என்று அம்மாவைத்தான் கேட்கிறாராம்.

கப்பல் ஏறினால் அரைநாளில் அந்தக் கரை. ஆனால் கடவுச்சீட்டு கையில் இல்லை. கேட்டு வாங்கினாலும், காலம் கடந்து நின்றவர் என்று பதிவாகும். பிறகு திரும்பி வரத் தடை வரலாம் என்று அப்பா விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

ஏப்ரல் 25

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வரவில்லை. காய்ச்சல் என்றேன். "போன முறையும் காய்ச்சல்தானே?" என்று நிரோஜா கேட்டாள். வகுப்பில் அவள்தான் என் ஒரே சிநேகிதி. அவளுக்கும் பொய்.

எனக்கு அலுத்துப் போச்சு. அம்மா என்ன, களவே எடுத்தவ?

மே 17

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அம்மா கத்தியை வைத்துவிட்டு, ஊதல் ஓயும்வரை இருந்தார். பிறகு வெங்காயம் வெட்டினார்.

ஜூன் 9

வந்துவிட்டது! அப்பா கொழும்பிலிருந்து கடவுச்சீட்டோடு வந்தார். "தந்திட்டாங்கள்" என்று வாசல் படலையிலேயே கத்தினார்.

நான்தான் வாசித்தேன். நீடிப்பு மூன்று மாதம். பழைய விசா முடிந்த நாளிலிருந்து. அப்படியென்றால் நாளை மறுநாளோடு சரி. இரண்டு தரம் வாசித்தேன்.

அப்பா கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். "திரும்பவும் விண்ணப்பிப்பம்."

"திரும்பவும் வாய மூடிக்கணுமா?" என்றார் அம்மா. கடவுச்சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இந்த ரெண்டு நாளுக்குள்ள போனா யாரும் குத்தம் சொல்ல முடியாதுல்ல?"

"ஓம். ஆனா போனா, மனைவி எண்டு விசா எடுத்துத்தான் வரலாம். அது எப்ப கிடைக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

அம்மா என்னைப் பார்த்தார். போகாதீங்கோ என்றுதான் நெஞ்சுக்குள் இருந்தது.

"தாத்தாவைப் பாத்திட்டு வாங்கோ" என்றேன்.

ஜூன் 10

அம்மா சந்தைக்குப் போகவேண்டும் என்றார். நேரே யாகப்பு ஐயாவின் முன் நின்று, "ஒட்டி என்ன வெலைங்க?" என்றார்.

கத்தி கீழே விழுந்தது. "அந்தோனியாரே! மனிசி கதைக்குது!" பிறகு, "இவ்வளவு நாளும் ஏன் தங்கச்சி வாயைப் பூட்டிக்கொண்டு நிண்டனீங்கள்?"

"விசா இல்லைங்க. இன்னைக்கு இருக்கு."

"அப்ப நான் பாவம் பாத்துத் தந்த றாலெல்லாம்?"

"அதெல்லாம் எப்பவோ தின்னாச்சுங்க!"

சந்தையே சிரித்தது. அம்மா விலை பேசினார், மீனின் செவுளைக் காட்டி நிறம் சரியில்லை என்று சண்டை பிடித்தார். அம்மாவின் குரல் இவ்வளவு பெரியது என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஜூன் 11

துறைமுகத்தில் அதிகாரி திகதியைப் பார்த்துவிட்டு, "இண்டைக்குத்தானே கடைசி நாள்?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அம்மா, சத்தமாக.

ஜூலை 6

அம்மா போன அடுத்த வாரம் தாத்தா இறந்துபோனார். கடைசித் தண்ணீர் அம்மாதான் கொடுத்தாராம். மனைவி விசாவுக்கு அங்கே விண்ணப்பித்திருக்கிறார். பொறுக்கச் சொல்கிறார்களாம்.

இன்று சந்தைக்குத் தனியாகப் போனேன். "எங்கை பிள்ளை, கதைக்கிற அம்மா?" என்று யாகப்பு ஐயா கேட்டார். ஒட்டியைக் காட்டி மூன்று விரலை நீட்டினேன். பிறகு ஒன்றை மடக்கினேன்.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே மூன்று மீனையே பையில் போட்டார். நான் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.