பின்னட்டையிலிருந்து தொடங்கிய கதை

விரலில் மை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

லண்டனில், நோர்பரியிலிருந்து திரும்பும் ரயிலில் இருக்கிறேன். ஜன்னலில் என் முகம், அதற்குள்ளே ஓடும் வீடுகளின் பின்புறங்கள். கையை மூக்கருகே கொண்டுபோனால் அந்த வாசனை. ஈரத் தாளும் எண்ணெயும் கலந்த, நம் இதழை அச்சிடும் பழைய மெஷினின் வாசனை. தாளிக்க மறந்த குழம்பு என்று நீ சொல்வாய்.

இன்று நம் சித்திரக்கதை இதழ் வந்தது. நீ போன பிறகு வரும் முதல் இதழ். முதல் பிரதியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். அங்கே ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் சிரிப்பு வராது.

ஆற்றோரம், பாலத்துக்குக் கீழே, பழைய புத்தகங்களைப் பரப்பி வைக்கும் நீண்ட மேசைகள். பல்கலைக்கழகத்தில் நமக்கு இரண்டாம் ஆண்டு. நான் தடித்த நாவல்களின் முதுகுகளைத் தலை சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். நீ மேசையின் மறு முனையில் நின்றாய்.

"எடி, இஞ்சை வா. இதை மணந்து பார்."

பார் என்று சொல்லவில்லை. மணந்து பார் என்று என் மூக்கருகே நீட்டினாய். தடித்த, பழுப்பேறிய, மலிவான தாளில் ஒரு சஞ்சிகை. உள்ளே முழுவதும் சித்திரக்கதைகள். ஜப்பானிய மொழி. ஒரு எழுத்துக்கூட நமக்குத் தெரியாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாருடைய வீட்டிலோ இருந்து, எப்படியோ தேம்ஸ் கரைக்கு வந்திருந்தது. நீ அதை ஜாக்கெட்டுக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாய். மழை தூறிக்கொண்டிருந்தது.

லூயிஷாமில் என் அறையில் அதை வாசித்தோம். வாசித்தோம் என்றே சொல்கிறேன். வழமையான பக்கத்திலிருந்து திறந்தோம். முதலில் இருந்த கதை இப்படி: ஒரு மனிதன் பனி மூடிய வெளியில் தனியாக நிற்கிறான். தூரத்தில் ஒரு வீடு. மெல்ல வீடு பெரிதாகிறது. வாசலில் நிற்கிறான். பிறகு உள்ளே இருக்கிறான். கடைசிப் பக்கத்தில் ஒரு குடும்பம் அடுப்பைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுகிறது. அவனும் அதில் ஒருவன்.

ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள் கொஞ்சம் தடுமாறின. கிண்ணம் முதலில் உடைந்தது, பிறகு கையிலிருந்து விழுந்தது. நான் அதற்கு விளக்கம் சொன்னேன். காலம் நேர்கோடல்ல என்றேன். நினைவின் ஒழுங்கு என்றேன். நவீனத்துவம் என்ற சொல்லையும் பயன்படுத்தினேன்.

நீ பனியில் பதிந்த கால்தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தடமெல்லாம் வெளிப்பக்கமாத்தானே போகுது. இவன் பின்பக்கமா நடந்தே வீட்டை வாறான்?"

"அதுதான் உத்தி" என்றேன்.

"நல்ல உத்தி. இடறி விழப்போறான்."

சில மாதங்கள் அந்தக் கதை நமக்கு அப்படியே இருந்தது. பிறகு உன் வகுப்பில் படித்த ஜப்பானியப் பெண்ணிடம் சஞ்சிகையைக் காட்டினோம். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, மெதுவாகத் திருப்பி, நாம் பின்னட்டை என்று நினைத்த பக்கத்தை மேலே வைத்தாள். சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றாள். வலமிருந்து இடம். அந்த மனிதன் வீட்டுக்கு வரவில்லை. வீட்டை விட்டுப் போகிறான். கதை பனியில், அவன் தனியே நிற்பதோடு முடிகிறது.

எனக்கு அவமானம். திரும்பும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தோம். நீ சஞ்சிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு சொன்னாய்:

"எங்கட கதையும் நல்லாத்தான் இருந்தது. அந்த மனுசன் எங்களிட்டையாவது வீட்டை வந்திட்டான்."

அந்தச் சஞ்சிகையின் ஆரம்ப ஆண்டுகளைப் பற்றி அந்த ஜப்பானியப் பெண் சொல்லச் சொல்ல நீ கேட்ட விதம் நினைவிருக்கிறது. கன்னத்தில் கை வைத்து, தேநீர் ஆறிப்போக.

அறுபதுகளின் நடுப்பகுதி. வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகளுக்காகச் சித்திரக்கதைகள் அச்சிட்டுக்கொண்டிருந்த ஒருவர். உடல்நிலை சரியில்லாதவர். அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அப்போது அவர் ஒரு மாதச் சஞ்சிகை தொடங்குகிறார். காரணம் ஒன்றே ஒன்று. ஒரு ஓவியர் ஒரு நீண்ட கதை வரைய விரும்பினார், ஒடுக்கப்பட்ட விவசாயிகளின் கதை. அதை அந்த ஓவியர் நினைத்தபடி, நினைத்த நீளத்துக்கு வரைய ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான். பிள்ளைகள் வாசிக்கட்டும், அநியாயம் என்றால் என்னவென்று அறியட்டும் என்று நினைத்தார்களாம். வந்து வாசித்தவர்களோ பல்கலைக்கழக மாணவர்கள்.

ஆனால் சஞ்சிகையின் ஆசிரியரான அவர் மீதிப் பக்கங்களைத் திறந்து விட்டார். வேறெங்கும் இடமில்லாதவர்கள் வந்தார்கள். எது விற்கும் என்று அவர் அவர்களுக்குச் சொல்லவில்லை. கனவை வரைந்தவர்கள், ஒன்றுமே நடக்காத பிற்பகலை வரைந்தவர்கள், பேய்களோடு சலித்துப்போய்ப் பேசுகிறவர்களை வரைந்தவர்கள். ஒரு ஓவியர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதபோது, சஞ்சிகையிலேயே சின்னதாக ஒரு அறிவிப்புப் போட்டாராம். இன்னார் தொடர்பு கொள்ளவும் என்று. அவரும் வந்தாராம்.

எனக்கு அந்த நீண்ட கதைதான் பெரிதாகப்பட்டது. ஒருவருக்காக ஒரு சஞ்சிகை! உனக்கு மீதிப் பக்கங்கள்.

"ஒராளுக்காகத் தொடங்கினது. ஒராளோடை நிக்கேல்லை. அதுதான் விசயம்."

நம் இதழை நான் உனக்காகத்தான் தொடங்கினேன். இதை நீ இருந்தபோது ஒப்புக்கொள்ள விடவேயில்லை. நீ வரைந்த லோண்டரிக் கதைக்காக. தோர்ண்டன் ஹீத்தில் உடுப்புத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு லோண்டரி. அங்கே வேலை செய்யும் பெண், வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப்போன உடுப்புகளைக் கடை பூட்டிய பிறகு போட்டுப் பார்க்கிறாள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு உடுப்பு. போட்ட உடனே அந்த ஆளின் நடை அவளுக்கு வந்துவிடும். பஸ் சாரதியின் கோட். யாருடையதோ திருமணச் சட்டை. வசனம் மிகக் குறைவு. கறுப்பு மிக அதிகம்.

நீ ஒரு நிபந்தனை போட்டாய். ஒவ்வொரு இதழிலும் தெரியாத ஆட்களுக்கென்று பக்கம் விட வேண்டும். ஒருவரும் அனுப்பாவிட்டால்? "வெறுமையாப் போகட்டும். வருவினம்." வெறுமையாகவே போயின. நோர்பரியில் நம் இதழை மரக்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கடைக்கார அண்ணை ஒரு நாள் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கடைசிப் பக்கங்கள் அச்சு விழேல்லை."

"அது விழாமல் விட்டதண்ணை" என்றாய். "ஆராவது படம் கீறுறதுக்கு."

அவர் யோசித்தார். "அப்ப நான் அதிலை கத்தரிக்காய் விலை எழுதலாமோ?"

"எழுதுங்கோ. அடுத்த இதழிலை போடுவம்."

பிறகு உனக்கு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. ஷிப்ட். மெசேஜ்களுக்குப் பதில் குறைந்தது. ஒரு இதழ் லோண்டரி இல்லாமல் போனது. அடுத்ததும் அப்படித்தான் போகும் போலிருந்தது. நான் அந்தப் பழைய ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். வெறும் பக்கத்தின் நடுவில் சின்ன எழுத்தில் போட்டேன்: லோண்டரிக் கதை வரைபவர் உடனே தொடர்பு கொள்ளவும். தேநீர் உண்டு.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் நீ. வேலை உடுப்போடு, கையில் சுருட்டிய தாள்கள்.

"தேத்தண்ணி எங்கை?"

உன் வாழ்க்கையில் யாரும் உன்னை விளம்பரம் போட்டுத் தேடவில்லை என்று, கோப்பையைப் பார்த்தபடி சொன்னாய். உன் அம்மா அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதாகவும் சொன்னாய். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. மாதாவின் படத்துக்குக் கீழே.

நோயைப் பற்றி எழுதப்போவதில்லை. நீ அதை வரையவில்லை. அதனால்.

ஒன்றை மட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தட்டு மேசையை இழுத்து வைத்து, பென்சிலால் ஒரு அத்தியாயம் தொடங்கினாய். இந்த முறை அந்த ஜப்பானியச் சஞ்சிகை போல வலமிருந்து இடம். "அவையளின்ரை பக்கத்திலையிருந்து ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றாய். அது முடிவதற்குள் நீ முடிந்தாய்.

அம்மா அந்தத் தாள்களை எனக்குத் தந்தார். முதலில், யாரும் எடுக்க வராத சட்டை ஒன்று மேசையில் மடித்துக் கிடக்கிறது. லோண்டரிப் பெண் கதவைப் பூட்டுகிறாள். விரிக்கிறாள். போடுகிறாள், பொத்தான்கள் ஒவ்வொன்றாக. மெஷினின் வட்டக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். கடைசிப் படத்தில், கடைக் கதவின் வெளியே ஒரு மனிதன். சட்டைக்குரியவன். அவள் அதைப் போட்டபடியே நிற்கிறாள்.

அத்தோடு சரி.

உன் அம்மாவுக்கு அந்தக் கதையில் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது உனக்குத் தெரியும். "இவள் ஏன் பிள்ளை மற்றவையின்ரை ஊத்தை உடுப்பைப் போடுறாள்?" "தோய்ச்ச உடுப்புத்தான் அன்ரி." "தோய்ச்சதோ? அப்ப சரி." நான் அந்தத் தாள்களில் இருந்ததைச் சொன்னபோது அவர் அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"அப்ப ஆர் அந்தச் சட்டையைத் திருப்பிக் குடுக்கிறது?"

"தெரியாது அன்ரி."

"நீ மிச்சத்தைக் கீறன். கூட இருந்தனிதானே."

"எனக்கு ஏலாது."

"அப்ப அவள் அப்படியே மற்றவன்ரை சட்டையோடை நிக்கப்போறாளே?"

அந்தக் கேள்வியோடு ஒரு குளிர்காலம் இருந்தேன். இதழை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அதைத் தொடங்கிய காரணம் போய்விட்டது. உன் பென்சில் கோடுகளின் மேல் மை பூச ஒரு முறை பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. உன் ஜப்பானியச் சஞ்சிகையை எடுத்து மணந்து பார்ப்பேன். வைப்பேன்.

ஒராளோடை நிக்கேல்லை என்ற உன் குரல் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். மீதிப் பக்கங்களை நிரப்புவது உன்னை அகற்றுவது போலிருந்தது.

பழைய அறிவிப்பை மீண்டும் போட முடியாது. அந்த ஆள் தொடர்பு கொள்ள மாட்டார். கடைசியில் புதிதாக ஒன்று எழுதினேன். படம் கீறுகிறவர்கள் யாராயிருந்தாலும் அனுப்பவும். கடைக்கார அண்ணையின் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன், லூயிஷாம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், அப்டன் பார்க்கில் கண்ட இடமெல்லாம் ஒட்டினேன்.

வந்தார்கள். நீ சொன்னபடி. அப்டன் பார்க்கிலிருந்து ஒரு தாய், தன் பிள்ளைகளின் ஆசிரியர்களைச் சோர்ந்த எலிகளாக வரைந்திருந்தார். ஒரு கணக்காளர் படிக்கட்டுகளை மட்டும் வரைந்து அனுப்பினார். நான் ஒன்றும் திருத்தவில்லை. எது நன்றாயிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தப் பழைய ஆசிரியர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து வைப்பது லேசான வேலையல்ல.

உன் பக்கங்களைப் பென்சிலாகவே, உள்ளபடியே அச்சிட்டேன். வலமிருந்து. அதாவது இதழுக்கு இரண்டு முன்னட்டை. இடப்பக்கம் திறந்தால் புதியவர்கள். வலப்பக்கம் திறந்தால் நீ. நடுவில் சந்திக்கிறீர்கள். வலப்பக்க அட்டையில் ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன், நம்மைப் போன்றவர்களுக்காக.

இன்று உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இதழைத் திறந்தார். இடப்பக்கமாக. எலிகளுக்குச் சிரித்தார். "இவர் படியை மட்டும் கீறியிருக்கிறார். ஒருத்தரும் ஏறக் காணேல்லை." நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். நடுப்பக்கம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. அதே திசையில் தாளைத் திருப்பினார்.

சொல்ல வாயெடுத்தேன். அவருடைய விரல் உன் பென்சில் கோட்டின் மேல் இருந்தது.

கதவுக்கு வெளியே ஒரு மனிதன். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பெண். பொத்தான்கள். விரல் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று போனது. விரிந்த சட்டை. கதவு. பிறகு கடைசிப் படம், நீ முதலில் வரைந்த படம்: மேசையில், மடித்தபடி, சட்டை.

அம்மா அதை நெடுநேரம் பார்த்தார்.

"ம். கழட்டி மடிச்சு வைச்சிட்டாள்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவன் இனி வந்து எடுப்பான், என்ன பிள்ளை?"

"ஓம் அன்ரி. எடுப்பான்."

"வடிவா மடிச்சிருக்கிறாள். வீட்டிலை ஒரு நாளும் இப்பிடி மடிக்கேல்லை." இதழை மூடி மாதாவின் படத்தடியில் வைத்தார். "குடி, ஆறுது."

சிரித்தாயா?

ரயில் மெதுவாகப் போகிறது. இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் என் கை முதலில் பின்னட்டைக்குத்தான் போகிறது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சில நாட்களில் உன்னையும் அப்படித் திறந்து பார்க்கிறேன். முதலில் தட்டு மேசையும் பென்சிலும். பிறகு கதவு தட்டும் சத்தம், தேத்தண்ணி எங்கை. பிறகு பஸ்ஸின் மேல்தட்டு. ஜாக்கெட்டின் ஸிப் கீழே இறங்குகிறது. மழை நிற்கிறது. கடைசியில் பாலத்துக்குக் கீழே நீண்ட மேசை, அதன் மறு முனையில் நீ.

எடி, இஞ்சை வா, என்கிறாய். இதை மணந்து பார்.