பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

1964, ஆயுத பூஜை இரவு

பனியன் கம்பெனியில் பூஜை முடித்து, ஆட்களுக்குப் பொரி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாமி அறையில் அருவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் என் ஜெர்மன் பிஸ்டல் இருந்தது. குழல் மேல் ஈரச் சந்தனம், குங்குமம்.

நான் சேர்த்திருக்கும் நான்கு துப்பாக்கிகளில் அதுதான் அபூர்வம். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் வந்த புதிதில் செய்தது. ஓர் இரவு ஈரம் இருந்தாலே துரு பிடித்துவிடும். அதன் நீலப் பூச்சு போனால் போனதுதான்.

எடுக்கப் போனேன். மனைவி சரசு தடுத்தாள்.

“காத்தால மறுபூசை முடியற வரைக்கும் தொடக்கூடாதுங்க.”

“பொட்டு வெக்க அதென்ன அருவாமனையா?” என்று கத்திவிட்டேன்.

“நீங்க உசுரா வெச்சிருக்கீங்கன்னுதானுங்க மொதல்ல அதுக்கு வெச்சேன்” என்றாள். சோறு மட்டும் போட்டாள்.

படுத்தும் மனம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் துடைத்துவிடலாம் என்று சற்று முன் எழுந்து போனேன். பிஸ்டலில் பொட்டு இல்லை. யாரோ பனியன் துணியால் துடைத்து, நான் செய்வது போலவே எண்ணெய் பூசியிருந்தார்கள். பொட்டு இப்போது பிஸ்டல் வைக்கும் மரப்பெட்டி மேல் இருந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பூஜையில் வைத்ததை மறுநாளுக்கு முன் அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பி, தூங்குவது போல் படுத்திருக்கிறாள். அவள் கையிலிருந்து தையல் மிசின் எண்ணெய் வாசம் இங்கே வரைக்கும் வருகிறது.