கை தட்டினால் கத்தும் வாத்து

டிசம்பர் 3

அன்புள்ளவளுக்கு,

நலம். உன் அக்காவின் முழங்கால் இப்போது எப்படி? படி ஏறுகிறார்களா?

போனில் நான் ‘ம்’ மட்டும் சொல்கிறேன், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்றாய். எழுதுகிறேன். தொழிற்சாலையில் பத்து நாள் விடுமுறைக்கு முன்னால் நடக்கும் விருந்து இந்த வருடம் பத்தொன்பதாம் தேதி. எங்கள் பம்ப் சோதனைப் பிரிவில் ஏழு பேருக்கும் வழக்கம்போல் சீட்டுக் குலுக்கியாயிற்று. யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு. முந்நூறுக்கு மேல் போகக் கூடாது, பிரித்ததும் எல்லார் முன்னாலும் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்கிற பழைய விதிதான். எனக்கு இந்தத் தடவையும் ஸ்டோர்காரர் பெயரே வந்திருக்கிறது.

என்ன வாங்குவது? இத்தனை வருடம் நீதான் வாங்கிச் சுற்றிக் கட்டி வைப்பாய். நான் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு நல்ல சீப்பு வாங்கிவிடலாமா? போன வருடம் அவருக்கு என்ன கொடுத்தோம் என்று நினைவிருந்தால் சொல். அதையே திரும்பக் கொடுத்துவிடக் கூடாது.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மூன்று வேளையும் ரொட்டிதான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 7

மதிப்புக்குரிய இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

அக்கா படி ஏறுகிறாள். நான்தான் ஏற முடியாமல் கிடக்கிறேன். பள்ளிச் சீருடை நானூறு வந்து குவிந்திருக்கிறது. பகல் முழுக்க மெஷின் மிதித்து, சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு நுழைவதில்லை.

அக்காவிடம் வந்த எட்டு மாதத்தில் நீங்கள் எழுதிய முதல் கடிதம். பிரித்தபோது என்னென்னவோ நினைத்தேன். பரிசு என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, அதையாவது கேட்டீர்களே.

முதலில், அவருக்குத் தலையில் முடி இருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும்போது நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, ‘ஸ்டோர்காரர் மொட்டைத் தலையில லைட்டு பட்டா கண்ணு கூசுது’ என்று. அவருக்குச் சீப்பா?

ஒரு பரிசுக்கு மூன்று வேண்டும். பார்த்ததும் சிரிப்பு வர வேண்டும். வாங்கினவர் மனசு நோகக் கூடாது. மறுநாள் குப்பைக்குப் போகக் கூடாது. கூட்டத்தில் தூங்கி விழுகிற உங்கள் மேலாளருக்கு நான் தைத்துக் கொடுத்த கழுத்துத் தலையணை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் விழித்த கண் வரைந்து தைத்தேன். இன்றைக்கும் அதில்தான் தூங்குகிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பணம் ஒரு பொருட்டே இல்லை. அந்த ஆளைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பம்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்டுபிடிக்கிறவருக்கு ஒன்பது வருடமாக எதிரே நிற்கிற மனிதனைப் பார்ப்பது கஷ்டமா? மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

போன வருடம் என்ன கொடுத்தோம் என்று கேட்கிறீர்கள். நான் அவருக்கு வாங்கி வைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. தன் தையல் கடைக்கு மேலே இருக்கிற அறையை நிரந்தரமாக எடுத்துக்கொள் என்கிறாள் அக்கா. இல்லையென்றால் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிடுவாளாம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

குழாய்க்கு வாஷர் போடுங்கள். சமையலறை இழுப்பறையில், இடது பக்கம்.

இப்போதைக்கு உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 11

அன்புள்ளவளுக்கு,

வாஷர் போட்டுவிட்டேன். சொட்டுவது நின்றது. வீடு இன்னும் அமைதியாகிவிட்டது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அறை விஷயம் படித்தேன். நீ சொன்ன வேலையைச் செய்தேன், அதை எழுதுகிறேன்.

ஸ்டோர்காரருக்கு இடது காது மந்தம். நாம் பேசும்போது வலது பக்கத்தைத் திருப்புகிறார். இத்தனை நாள் அது திமிர் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவை சாவியைத் தேடுகிறார். சட்டைப் பை, பேன்ட் பை, மறுபடி சட்டைப் பை என்று தட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் சாவி பூட்டிலேயே தொங்கும். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். பென்சில், அளவு நாடா எல்லாம் ஒரு நீலத் துணி உறையில் போட்டு மேல் பையில் செருகியிருப்பார். நல்ல உறை அது. ஓரத் தையல் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. அவர் வீட்டில் யாரோ கை சுத்தமாகத் தைப்பார்கள் போலிருக்கிறது.

இவ்வளவு பார்த்தாயிற்று. இப்போது சொல், என்ன வாங்கட்டும்?

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 14

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தேன். இன்றைக்கு முழுக்க ஒரு காலர்கூட முடிக்கவில்லை.

அந்த நீல உறையை அவரிடம் கேட்டுக் கையில் வாங்குங்கள். உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். பார்ப்பதுதானே உங்கள் வேலை.

பரிசுக்கு அலைய வேண்டாம். படுக்கையறை அலமாரிக்கு மேலே இருக்கிறது. ஒரு வருடமாக அங்கேயேதான் இருக்கிறது.




டிசம்பர் 20

அன்புள்ளவளுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

பதினாறாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் போய் உறையைக் கேட்டேன். அவர் உடனே பென்சிலையெல்லாம் வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெறும் உறையைக் கொடுத்தார். புரட்டினேன். உள்பக்கம் பழைய மைக்கறை. நம் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது என் பேனா ஒழுகிச் சட்டைப் பையில் பட்ட கறை. பத்து வருடம் போட்டுக் கிழித்த என் சட்டையைத்தான் ‘நல்ல உறை’ என்று உனக்கு எழுதியிருக்கிறேன். கறைக்குப் பக்கத்தில், கண்ணாடியை எங்கேயாவது வைத்துத் தொலைக்கிற எனக்காக, வெள்ளை நூலில் ‘இதையாவது தொலைக்காதீர்கள்’ என்று தைத்திருந்தாய்.

ஸ்டோர்காரர் சொன்னார்.

“போன வருஷம் பிரிச்ச உடனே போட்டுக் காட்டணும்னாங்க சார். இது கண்ணாடி வெக்கிற உறை, என்கிட்ட ஏது கண்ணாடி? வெறும் உறைய அப்படியே மூக்கு மேல வெச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்கதான் பொட்டலத்த வெச்சிட்டு வேலை இருக்குன்னு போயிட்டீங்களே.”

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்தார்.

“இது உள்ள இருந்துச்சு. எனக்கு எழுதினது இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. குடுக்கலாம்னு ரெண்டு தடவ உங்க மேசைக்கு வந்தேன் சார். நீங்க நிமிரவே இல்ல.”

‘இன்றைக்கு ஒரு நாள் ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். எங்கேயாவது போகலாம்.’

உன் கையெழுத்து. நான் அன்று ஒன்பது மணிக்கு வந்தேன். நீ வெளியே போகிற உடுப்பில் உட்கார்ந்திருந்தாய் என்று இப்போது நினைவு வருகிறது. ‘சாப்பாடு இருக்கா?’ என்று கேட்டேன். இருக்கிறது என்று எடுத்து வைத்தாய்.

அலமாரிக்கு மேலே பார்த்தேன். அவருக்கென்று நீ கட்டிய பொட்டலம், நீ துணி வெட்டப் படம் போடுகிற காக்கித் தாளில். போன வருடம் நான் கொண்டுபோனதன் அதே அளவு, அதே நூல் கட்டு. அன்று காலையில் அவசரத்தில் அவருடையதை விட்டுவிட்டு, எனக்கென்று நீ வைத்திருந்ததை எடுத்துப் போயிருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் அதுவே பெரிய குற்றமாகத் தெரிகிறது. தெரிந்து செய்திருந்தால்கூட உன்னைப் பற்றி அந்த ஒரு நிமிடமாவது நினைத்திருப்பேன்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டு மறுபடி கட்டினேன். கட்டு சரியாக விழ மூன்று தடவை ஆயிற்று. நேற்று விருந்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். ஸ்டோர்காரர் பிரித்தார். கை தட்டினால் வாத்து மாதிரி கத்துகிற சாவிக்கொத்து. விதிப்படி சாவியைக் கோத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கை தட்டினார், பைக்குள்ளிருந்து கத்தியது. அது முடிந்தது என்று பார்த்தால், மேலாளர் பேச எழுந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லாரும் கை தட்ட, ஒவ்வொரு கைதட்டலுக்கும் வாத்து. ஸ்டோர்காரருக்கு அது சரியாகக் கேட்கவில்லை, ஏன் சிரிக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். மேலாளரே பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி சிரிப்புதான்.

“யாரு சார் வாங்குனது, நீங்களா?” என்று கேட்டார்கள். “எங்க வீட்ல” என்றேன். அப்புறம்தான் நீ வீட்டில் இல்லை என்பது உறைத்தது.

உறையை என்னிடமே கொடுத்துவிட்டார். என்னிடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், சாக்குச் சொல்வதற்காக இல்லை. எடுத்துப் போன பொட்டலத்தில் யாருக்கு என்று எழுதியிருந்தாயா?

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 23

என்னங்க,

எழுதியிருந்தேன். ‘உங்களுக்கு’ என்று பெரிதாக எழுதினேன். துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்பீஸால்.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெட்டுமேசையில் இருந்த சாக்கை எடுத்து ஒரு தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை போய் வந்தேன். எடுத்துப் பார்த்தால் தாளில் வெறும் பொடி. அழிவதற்கென்றே இருக்கிற சாக்கு அது. இருபது வருடமாகத் தைக்கிறவளுக்கு இது தெரியாதா? அக்காவிடம் சொன்னேன். “ஒரு பேனா எடுத்திருக்கலாம்ல?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபமும் வந்தது.

‘உங்களுக்கு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டீர்கள், இன்னொன்றைத் தேடக்கூடச் சோம்பல் என்று நினைத்தேன். அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குகிற அன்பு எனக்கு வேண்டாம் என்று ஒரு வீம்பு. நாலு மாதம் அதோடு உங்களுக்குச் சோறு போட்டேன். அக்காவுக்கு ஆபரேஷன் என்றதும் கிளம்பிவிட்டேன். போகும்போதும் நீங்கள் ‘ம்’ என்றுதான் சொன்னீர்கள்.

சாக்கு அழிந்தது என் தப்பு. ஒன்பது மணி உங்கள் தப்பு. அன்று ஒரு நாள் மட்டும் இல்லை, எத்தனையோ ஒன்பது மணி. அதை வாத்தை வைத்துச் சரிக்கட்ட முடியாது. எனக்குச் சண்டை போடவும் தெம்பு இல்லை, சமாதானமாகவும் தெம்பு இல்லை. அவ்வளவு களைப்பாக இருக்கிறது.

அறை விஷயமாக அக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஐந்து மணிக்கு வாருங்கள். பெட்டி கட்டி வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். எங்கேயாவது போகலாம். திரும்பி வந்த பிறகு அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

கால் வீக்கம் குறையவில்லை. மெதுவாகத்தான் நடப்பேன்.

நான்


டிசம்பர் 28, ஞாயிறு

நாலரை மணிக்கே வந்துவிட்டேன். கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். இதை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். நீ அவசரமாக இறங்கி வர வேண்டாம். ஐந்தாகட்டும், ஆறானாலும் ஆகட்டும், இங்கேயேதான் இருப்பேன்.

வரி கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். என் கண்ணாடி நீ தைத்த உறைக்குள் இருக்கிறது. பிரித்ததும் பயன்படுத்திக் காட்ட வேண்டும் அல்லவா, நீ வந்து பார்க்கும் வரை வெளியே எடுக்கப் போவதில்லை.