மூன்றாவது உறை

நார்வே, ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

மூச்சிரைப்பு குறைந்ததா? மாடிப்படியில் நின்று நின்று ஏறுங்கள். நான் நலமாக இருக்கிறேன்.

சென்ற வாரம் மீன் ஆலையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் சிறிய வீக்கம்தான். உடன் வேலை செய்யும் ஓட்வார், "ஃபுட்பால் ஊர்க்காரி, பந்தே இல்லாம விழுறியே!" என்று சிரித்தார். இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததால் இந்தக் கால்பந்துப் பருவத்துக்கான என் கணிப்புப் பட்டியலை எழுதி முடித்தேன். லீக்கின் இருபத்திரண்டு அணிகளும் எந்தெந்த இடத்தில் முடிக்கும் என்று. வழக்கம்போல் பருவம் முடியும்வரை உறையைப் பிரிக்காமல் பிஸ்கட் டப்பாவில் போடுங்கள்.

முன்கூட்டியே சொல்லக் கூடாதுதான். நம் ஊர் அணி பிரெக்லிக்குப் பதினேழாவது இடம் கொடுத்திருக்கிறேன். கோல் அடிப்பவன் வேறு அணிக்குப் போய்விட்டான், கோல்கீப்பருக்கு முழங்கால் சரியில்லை.

போனில் நீங்கள், "இந்த வருசம் சீசன் டிக்கெட் வேணாம்மா. உங்கம்மா இல்லாம கோல் கம்பத்துக்குப் பின்னாடி ஒத்தையா நின்னு யாரோட சண்டை போடுறது?" என்றீர்கள்.

இதனுடன் இன்னோர் உறையும் இருக்கிறது. அது அம்மாவுடையது. அதை எழுத நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடமாக அம்மா எழுதியதுதான்: பிரெக்லி முதலிடம், மற்றவர்கள் எப்படியோ போகட்டும். மார்ச்சில் அம்மாவை அடக்கம் செய்தபோதுகூட நம் அணி பத்தொன்பதாவது இடத்தில்தான் இருந்தது.

உங்கள் பட்டியலையும் எழுதி, மூன்று உறைகளையும் டப்பாவில் வையுங்கள். எனக்குத் தடித்த காலுறை இரண்டு ஜோடி வேண்டும்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை முதல் ஆட்டம். அம்மா சொன்னது நடக்கிறதா என்று யாராவது அங்கே நின்று பார்க்க வேண்டும், அப்பா.

வேலை மணி அடித்துவிட்டது.

ஹெட்டி