பாதி வாசித்துக் கொடுத்த நாவல்

என் அன்பு நஸீமா தாத்தா,

உங்கள் கிண்ணியாவில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நான் "தாத்தா" என்று அழைத்ததைக் கேட்டு வாசிகசாலை முழுக்கக் கிழவரைத் தேடியதும், நீங்கள் கதிரையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்ததும் நினைவிருக்கிறதா?

நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் நூலகர் மேசையை எனக்குத் தந்துவிட்டார்கள். துறைமுகப் பக்கத்து யன்னலைத் திறந்தால் உப்புக் காற்றில் தாள்கள் பறக்கின்றன. மூடினால் புழுக்கம் தாங்கவில்லை. நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

புத்தக அடுக்குகள் எனக்குச் சிரமமில்லை. "ஒரு நல்ல நாவல் தாங்கோ" என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் எதை எடுப்பது என்று தெரிவதில்லை. நீங்கள் யாரிடமும் என்ன நாவல் பிடிக்கும் என்று கேட்டதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், நித்திரை வருகிறதா, இப்போது என்ன வேலை என்று கேட்பீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள, இவருக்கு நித்திர வரல்ல. பேய்க்கதை குடுத்துராதீங்க" என்பீர்கள்.

ஓட்டோக்கார நிமலன் இப்போதும் துப்பறியும் நாவல்தான் கேட்கிறான். சவாரி இல்லாத நேரத்தில் ஓட்டோவுக்குள் இருந்தே வாசித்து, கொலைகாரன் யார் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பித் தருகிறான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பேய்க்கதைக்கு அடிபடுகிறார்கள். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் காதல் நாவலைப் பத்திரிகைக்குள் சுற்றித்தான் எடுத்துப் போகிறா. நீங்கள் செய்தது போலவே நானும் தலைப்பைச் சத்தமாக வாசிப்பதில்லை.

ஆனால் ஒரு பிழை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சாம்பல்தீவிலிருந்து தங்கராசா ஐயா வந்தார். கடல் தொழிலை விட்டு நெடுநாள். கண்ணில் ஒப்பரேசன் செய்து வெள்ளை எடுத்த பிறகு எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதாம். அந்தச் சந்தோசத்தில், "பிள்ளை, கடலைப் பற்றின கதை ஒண்டு தாங்கோ" என்று கேட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புதிதாக வந்திருந்த ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். ஆட்டமும் பாட்டுமாகக் கடலுக்குப் போகிற மனிதர்களின் கதை. அதில் பாதிதான் வாசித்திருந்தேன். நீங்கள் போன பிறகு எந்த நாவலையும் என்னால் முடிக்க முடியவில்லை, தாத்தா. நடுவில் நின்றுவிடுகிறேன்.

அவர் திரும்ப வரவில்லை. ஒரு மாதம் போன பிறகு, அந்த நாவலை முன்பே வாசித்திருந்த நிமலன்தான் இரவல் பதிவைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அந்தப் புத்தகத்தையோ தங்கராசா ஐயாவுக்குக் குடுத்தனீங்கள்? பின் பாதியில கடல் ஊருக்குள்ள வருது அக்கா. தகப்பன்ர கையில இருந்து மகளை இழுத்துக்கொண்டு போகுது. ஐயான்ர மகள் கலாவும் சுனாமியில அப்பிடித்தானே போனவள். ஊருக்கே தெரியும்."

எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிமலனின் ஓட்டோவில் சாம்பல்தீவுக்குப் போனேன். ஐயா வேலியோரம் நின்றார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வேணுமெண்டு தந்தனீங்களோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. நான் பாதிதான் வாசிச்சனான். முழுக்க வாசிக்காமல் தந்திட்டன். பிழை என்ரதான்."

"நானும் பாதியோட மூடிட்டன். அதுக்கு மேல ஏலாது" என்றார் அவர்.

புத்தகத்தைத் தாருங்கள், கொண்டுபோகிறேன் என்றேன். "அது என்னட்டை இல்லை. மனுசி வைச்சிருக்கிறா."

அவர் மனைவி பூரணம் அம்மா குசினியிலிருந்து வந்தா. புத்தகத்தைச் சேலைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்திருந்தா.

"இன்னும் ஒரு கிழமை இருக்கட்டும் பிள்ளை. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறனான். அந்தத் தகப்பன் பிறகு என்ன செய்தவர் எண்டு பாக்கவேணும்." குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த மனுசன் மகளின்ர பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுறார். எங்கட வீட்டில அந்தப் பேரைச் சொல்லி இருபது வருசமாச்சு."

ஐயா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் முகம் ஈரமாக இருந்தது. "எனக்கு ஒருத்தரும் சாகாத கதை ஒண்டு கொண்டு வாங்கோ" என்றார்.

ஒரே வீடு, ஒரே துக்கம். ஒருவரால் வாசிக்க முடியாததை மற்றவரால் கீழே வைக்க முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முதலிலேயே இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்பியிருப்பீர்களா?

அடுத்த முறை ஐயாவுக்குச் சிரிப்பு நாவல் ஒன்று கொண்டுபோனேன். ஒரு கலியாண வீட்டில் எல்லாமே பிழையாகிப் போகிற கதை. கடைசிப் பக்கம் வரை வாசித்து, ஒருவரும் சாகவில்லை என்று உறுதி செய்தபின்தான் கொடுத்தேன்.

போன கிழமை பூரணம் அம்மா தனியாக வாசிகசாலைக்கு வந்தா. நாவலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா:

"முடிச்சிட்டன், பிள்ளை. ஒருநாள் ராத்திரி நான் சோறு காய்ச்சிக்கொண்டு நிக்க, இவர் வந்து கேட்டவர், அந்தத் தகப்பன் கடைசியா என்ன செய்தவன் எண்டு. அடுப்படியிலேயே இருந்து முழுக்கச் சொன்னனான். பிறகு கலாவைப் பற்றிக் கதைச்சம். அவளின்ர குழப்படி, அவள் பாடுற பாட்டு... சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. ரெண்டு பேரும் கடையில வாங்கின பாணைச் சாப்பிட்டுப் படுத்தம்."

அழுதுகொண்டே சிரித்தா. நான் செய்தது சரியாகிவிட்டது என்று நினைக்கவில்லை, தாத்தா. ஐயா கிணற்றடியில் நின்ற அந்த நேரம் என்னால்தான் வந்தது. அதை மறக்க மாட்டேன்.

அம்மா போனதும் அந்த நாவலைக் கையில் எடுத்தேன். நான் நின்றிருந்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். கடல் வந்தது, மகள் போனாள், தகப்பன் உயிரோடிருந்தான். அவன் காலையில் எழும்பினான், பல் தீட்டினான், சந்தைக்குப் போனான். அந்தப் பக்கங்களில்தான் உங்களுக்காக முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதேன். கணக்கு ரீச்சர் வந்து தண்ணீர் தந்தா.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வாசிக்காத பக்கத்துக்குள் இனி ஒருவரையும் தனியாக அனுப்ப மாட்டேன். முன்னால் நானே போய்வருவேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு, அவர்களின் கதையை முதலில் கேட்பேன்.

உடன்பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சி,
சுகந்தி
லிங்கநகர், திருகோணமலை