உன் சம்பந்தியும் வாஷிங் மெஷினும்

ஞாயிற்றுக்கிழமை

வீட்டு எஜமானிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறேன். ஆபரேஷன் செய்த உன் அக்காவின் முட்டி இப்போது மடங்குகிறதா? மடங்கினாலும் மாடிப்படி ஏற விடாதே. கேட்கமாட்டார், இருந்தாலும் நான் சொன்னதாகச் சொல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். இந்த வீட்டில் படுக்கும் அறை இரண்டு. ஒன்றில் மகனும் மருமகளும். இன்னொன்றில் நானும் உன் சம்பந்தியும். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடத்தான் இடம். நான் போனை எடுத்தவுடன் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறார். தூங்குகிற மனிதருக்கு அவ்வளவு கவனமான முகம் இருக்காது. போதாததற்கு நீ வேறு போனில் சிரிக்கிறாய். கடிதத்துக்கு நீ சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்பி வந்துவிடப் போகிறேன். டிக்கெட்டை முன்னால் தள்ளச் சொல்லி உன் மகனிடம் நீ பேசு. நான் சொன்னால் பாக்கலாம்பா என்று குளிக்கப் போய்விடுகிறான். அக்காவின் கால் சரியானதும் இங்கே கிளம்பி வர நீ பெட்டி கட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து மகன் குடித்தனம் செய்யும் வீட்டை ஒரு தரம் பார்க்கவேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருப்பதும் தெரியும். பெட்டியை அவிழ்த்துவிடு. நான் இல்லாத இடத்துக்கு நீ தனியாக வரப்போவதில்லை. வந்தாலும் விமானத்தில் உனக்கு பெல்ட் மாட்டத் தெரியாது.

காரணத்துக்குப் பஞ்சமில்லை. முதல் காரணம் கூடத்தில் சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. கல்யாணப் படம். அதில் மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், நீ இருக்கிறாய், உன் சம்பந்தி இருக்கிறார், போன வருடம் தவறிப்போன சம்பந்தியம்மாவும் இருக்கிறார். நான் இல்லை. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். மண்டபத்து மோட்டார் நின்றுபோய், சாப்பிட்ட கையை ஏந்திக்கொண்டு ஊரே நின்றபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் கிடந்தேன். கிரீஸ் கையோடு மேடைக்கு ஓடிவந்தால் போட்டோக்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருக்கிறார். பையனைப் பெற்றவனுக்காகக் கொஞ்ச நேரம் நிற்க உன் சம்பந்திக்குக் கால் வலித்திருக்கிறது.

இப்போது அதே மனிதர் தினமும் காலையில் டீயை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து அதையே பார்க்கிறார். என்னை வெறுப்பேற்றத்தான், வேறென்ன. கழற்றி உள்ளே வைடா என்று மகனிடம் சொன்னேன். அது இருக்கட்டும்பா என்றான். யார் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று நீயே தெரிந்துகொள்.

இரண்டாவது காரணம் துணி. இந்தக் கட்டிடத்தில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து, தரைக்குக் கீழே ஒரு துவைக்கும் அறை. முறை வைத்துக்கொண்டு போகவேண்டும். நான் கொஞ்சம் தாமதமாக இறங்கினேன். அதற்குள் யாரோ என் வேட்டிகளை ஈரத்தோடு வெளியே எடுத்து மேஜைமேல் கரித்துணி மாதிரி சுருட்டிப் போட்டிருந்தார்கள். அன்றோடு அந்த அறைக்கு ஒரு கும்பிடு. குளிக்கிற தொட்டியிலேயே நின்று துவைத்தேன். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிவிட்டதென்று அந்த வீட்டு அம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். உன் மகன் மன்னிப்புக் கேட்டான். நான் கேட்கவில்லை. தளம் போட்டவன் கேட்க வேண்டியது.

அதனால் வீட்டுக்கே ஒரு வாஷிங் மெஷின் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அவர்கள் இருவருக்கும் வேலை. அப்பாவும் நீங்களும் சும்மாதானே மாமா இருக்கீங்க, போய்ப் பாத்து வாங்கிட்டு வாங்களேன் என்கிறாள் மருமகள். ஒரு வாத்தியாரும் சொல்லித் தராமல், பிரித்துப் பிரித்துப் பார்த்தே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்ட கை, சும்மா இருக்கிறதாம்.

நாளைக்குப் போகிறோம். மெஷினை வாங்கி, என் கையால் பொருத்திக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பின்னால் என் பேரில் ஒரு குறை வரக்கூடாது.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

சொன்னதை மாற்றிக்கொள்ளாத,
உன் வீட்டுக்காரன்


சனிக்கிழமை

எஜமானிக்கு,

உன் நாலு வரிக் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. மூன்று வரி அக்காவின் முட்டி. நாலாவது வரியில், பெட்டியை அவிழ்க்கவில்லை, அவிழ்க்கப் போவதுமில்லை என்று எழுதியிருக்கிறாய். இத்தனை காலம் என்னோடு இருந்து பிடிவாதத்தையாவது கற்றுக்கொண்டாயே.

மெஷின் கதையை முதலில் சொல்கிறேன். குறுக்கே போகாமல் படி.

கடைக்குப் போனோம். நம் பஸ் ஸ்டாண்டு அளவுக்கு ஒரு கடை. உள்ளே மெஷின்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. நான் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து, டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டேன். முதுகில் தட்டிப் பார்த்தேன். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். கனமில்லாத மெஷின் உழைக்காது. உன் சம்பந்தி பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் இல்லையா, எழுத்து என்று ஒன்று ஒட்டியிருந்தால் போதும், குனிந்துவிடுவார். ஷாம்பு பாட்டிலின் முதுகைக்கூட விடுவதில்லை. எது சத்தம் குறைவு, எது தண்ணீர் குறைவு என்று ஒவ்வொரு மெஷினின் நெற்றியையும் வாசித்துக்கொண்டே எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். நான் இந்தப் பக்கத்திலிருந்து போனேன். இரண்டு பேரும் ஒரே மெஷின்மேல் கையை வைத்தோம்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நல்ல கனம். மனம் வரவில்லை. அவருக்கும் முகம் சரியில்லை. விற்கிற பெண் எங்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். அண்ணன் தம்பியான்னு கேக்குறா என்றார் உன் சம்பந்தி. என்ன சொன்னீங்க என்றேன். அந்த அளவுக்கு ஒத்துமை இல்லம்மான்னு சொன்னேன் என்றார். அந்த மனிதருக்கு வாய் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மெஷின் மறுநாள் வந்தது. தூக்கி வந்த ஆட்கள் தாங்களே பொருத்திவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன். ஒரு குழாயையும் ஒரு பிளக்கையும் மாட்ட எனக்கு இரண்டு ஆள் வேண்டுமா? குழாயை மாட்டினேன், சொட்டு ஒழுகவில்லை. மெஷினைத் திருப்பி முதுகைப் பார்த்தால் நாலு மூலையிலும் நாலு பெரிய போல்ட். கொஞ்சம் நெகிழ்ந்த மாதிரி இருந்தன. ஸ்பேனரை எடுத்து நாலையும் நன்றாக முறுக்கினேன். உன் சம்பந்தி மெஷினோடு வந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி, போல்ட்டைப் பத்தி இங்க என்னமோ போட்டிருக்கு, அம்புக்குறி எல்லாம் இருக்கு என்றார். போல்ட்டுன்னா முறுக்கத்தாங்க, அதுக்கு எதுக்கு அம்பு என்றேன். அவர் புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார்.

என் வேட்டிகளையும் அவர் பனியன்களையும் ஒன்றாகப் போட்டோம். வெளுப்பு வெளுப்போடு சேரலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது பாட்டுக்குத் துவைத்தது. உள்ளே நுரை ஏறி இறங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிழிய ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை. முதலில் ஒரு நடுக்கம். அப்புறம் குதி. குதித்துக்கொண்டே அது குளியலறையை விட்டு நடந்து வருகிறது, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் அவர் கண்ணாடி குதித்து எங்கோ போய் விழுந்துவிட்டது. பிளக் முதுகுக்குப் பின்னால். குழாய் விறைக்க ஆரம்பித்துவிட்டது. அது பிய்ந்தால் கீழ் வீட்டு அம்மாள் இந்த முறை போலீசோடுதான் வருவாள்.

ஏறி உட்காருங்க சம்பந்தி என்று கத்திவிட்டு நான் மெஷின்மேல் ஏறினேன். மறுபேச்சு இல்லாமல் அவரும் ஏறினார். இடம் இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

நடை நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. பல்லெல்லாம் தந்தியடிக்கிறது. அந்த ஆட்டத்தில் உன் சம்பந்தி சொல்கிறார்: சம்பந்தி, கல்யாணத்திலேருந்து ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்க உங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

நான் வழுக்கி விழப் பார்த்தேன். விசாரித்தால், மாப்பிள்ளையோட அப்பா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். என்னைத் தேடச் சொல்லி இரண்டு ஆளை அனுப்பியிருக்கிறார். அவர்கள் வாசலில் தேடினார்கள், பந்தியில் தேடினார்கள். கிணற்றடியில் தேட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியாமல் போட்டோவுக்குச் சிரித்தாராம்.

மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் கொஞ்சம் நிதானித்தது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போ அன்னிக்கு நான் கை கழுவின தண்ணி நீங்க விட்டதா என்றார். நீங்க மட்டுமா, மண்டபமே கழுவிச்சு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்குவது அவரா மெஷினா என்று தெரியவில்லை. எனக்கும் வந்தது.

சிரித்து முடித்து அவர் சொன்னார்: என் வீட்டுக்காரி அப்பவே சொன்னா, அவர் எங்கயாவது வேலையா இருப்பாருங்க, கோவிச்சுக்கிட்டுப் போற மனுஷர் இல்லன்னு. நான்தான் கேக்கல. அந்தப் படத்துல அவ எவ்வளவு நல்லா சிரிச்சிருக்கா பாத்தீங்களா? மத்த படத்துல எல்லாம் கண்ண மூடியிருப்பா.

அதற்குள் மெஷின் மறுபடி வேகம் பிடித்துவிட்டது. அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விழுந்து வைத்தால் மருமகளுக்கு யார் பதில் சொல்வது?

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் கதவு திறந்தது. மருமகள். அவளுக்குப் பின்னால், சண்டைக்கு ஏறி வந்த கீழ் வீட்டு அம்மாள். மருமகள் போனை எடுத்து ஒரு படம் பிடித்துவிட்டுத்தான் மெஷினை நிறுத்தினாள். கீழ் வீட்டு அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவம், அவளுக்கு இளைப்பு வேறு.

விஷயம் இதுதான். அந்த நாலு போல்ட்டும் லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டது. ஓட்டுவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டுமாம். அப்பவே சொன்னேன் என்றார் அவர். கழற்று என்று கொட்டை எழுத்தில் போடாமல் அம்பு வரைந்தவன் மேல்தான் தப்பு. இதை அவரிடமே சொன்னேன். அம்பு கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கு என்று ஒத்துக்கொண்டார். நியாயம் தெரிந்த மனிதர்.

இப்போது மெஷின் ஓடுவதே தெரிவதில்லை. காலையில் நாங்கள் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிரே உட்காருகிறோம். அவர் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்கிறார். நான் சத்தத்தை வைத்தே இப்போது அலசுகிறது, இப்போது பிழியப் போகிறது என்று சொல்கிறேன். துவைக்கத் துணி கிடைக்காமல் ஜன்னல் திரைகளைக் கழற்றிவிட்டோம் என்று உன் மகன் குறைப்படுகிறான். சும்மா இருக்க முடியுமா?

மருமகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். அதில் என் வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறி, பார்க்கச் சகிக்கவில்லை. கழற்றும்மா என்றேன். அது இருக்கட்டும் மாமா என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாணப் படத்தின் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. அதையும் துடைத்து வைத்தேன். சம்பந்தியம்மா உண்மையிலேயே நன்றாகச் சிரித்திருக்கிறார்.

டிக்கெட்டைப் பற்றி உன் மகனிடம் நீ ஒன்றும் பேசவேண்டாம். அவனும் மாற்றியிருக்கமாட்டான், எனக்குத் தெரியும். பெட்டிதான் கட்டியபடியே இருக்கிறதே, அதை எதற்கு வீணாக்குவது, கிளம்பி வா. விமானத்தில் பெல்ட் மாட்டுவது சுலபம். தட்டையான முனையை மற்ற முனைக்குள் தள்ளு, டக்கென்று கேட்கும். கழற்ற, மேல் மூடியைத் தூக்கினால் போதும். எதையும் முறுக்காதே.

வரும்போது நம் சம்பந்திக்கு எட்டு முழ வேட்டி இரண்டு வாங்கி வா. ஓரத்தில் கரை மெல்லிசாக இருக்கட்டும், அவர் படாடோபம் இல்லாதவர். இந்த ஊரில் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார அவருக்கு வசதிப்படவில்லை.

மேலே "நம்" என்று விழுந்துவிட்டது. அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும். அப்படியே கிடக்கட்டும்.

உன் அக்காவின் கால் நன்றாக நடக்கட்டும். உன் காலும் இந்த வாசற்படி ஏறட்டும். ஒரு நாள் துணியைச் சேர்த்துவைத்து, மூன்றாவதாக ஒரு ஸ்டூலும் போட்டு வைக்கிறோம்.

வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்